கேட்பதில் பிறந்த சொல்

ஆங்கிலத்தில் சில சொற்கள் உண்டு. வருஷக் கணக்கில் அகராதியிலேயே தூங்கிக் கொண்டிருக்கும். திடீரென்று ஒருநாள் விழித்தெழுந்து ஒரு தேசத்தையே உலுக்கிவிடும். 'ப்ரோரோக்' அப்படிப்பட்ட சொல். 2019 ஆகஸ்டு மாதக் கடைசியில் லண்டன் செய்திகளில் அதைக் கண்டபோது நானும் அகராதியைத்தான் தேடி எடுத்தேன்.

பார்லிமெண்டின் ஒரு கூட்டத் தொடரை முடித்து வைப்பதற்குத்தான் அந்தப் பெயர். சபையை நாளைக்கு ஒத்திவைப்பது வேறு. அதைச் சபையே செய்துகொள்ளும். சபையை அடியோடு கலைத்துத் தேர்தல் நடத்துவது வேறு. இது இரண்டுக்கும் நடுவில் நிற்பது. அங்கத்தினர்களின் பதவி போகாது. ஆனால் மறுபடி அழைக்கும்வரை அவர்கள் சபையில் கூடிப் பேச முடியாது. இங்கிலாந்தில் மந்திரிகளின் யோசனைப்படி முடியரசர் இதைச் செய்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், சொல்லின் பிறப்பில் முடித்தல் என்ற வாசனையே கிடையாது. லத்தீன் மொழியில் 'ரோகாரே' என்றால் கேட்பது. ரோமாபுரியில் ஓர் அதிகாரியின் காலத்தை நீட்ட வேண்டுமானால் ஜனங்களைக் கேட்க வேண்டும். கி.மு. 326-இல், நேப்பிள்ஸ் அருகே முற்றுகை நடத்திக் கொண்டிருந்த பூப்ளிலியஸ் பிலோவுக்கு, ஒரு வருஷப் பதவி முடிந்த பின்னும் படைத் தலைமை அப்படித்தான் நீடித்தது. நீட்டுதல் நாளடைவில் தள்ளிப்போடுதல் ஆயிற்று. 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில் ஷேக்ஸ்பியர் அந்தப் பொருளில்தான் அதைக் கையாண்டார். தள்ளிப்போடுவதற்கும் பூட்டி வைப்பதற்கும் அரசர்கள் கையில் அதிக தூரம் இல்லை.

இரண்டாம் சார்லஸ் மன்னன் 1675 நவம்பரில் முடித்து வைத்த பார்லிமெண்டு, 1677 பிப்ரவரியில்தான் மறுபடி கூடியது. பதினைந்து மாதம்! இடையில் செலவுக்குப் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் பணம் இருந்தது. சபை கூடியதும் ஷாப்ட்ஸ்பரி பிரபு எழுந்தார். "ஒரு வருஷத்துக்கு மேல் நீண்டால் அது முடித்து வைத்ததல்ல, கலைத்ததே, இந்தச் சபைக்கு உயிரில்லை" என்பது அவர் கட்சியின் வாதம். ஒரு சொல்லுக்கு இப்படிப் பொருள் சொன்னதற்காக அவரை லண்டன் கோபுரச் சிறையில் அடைத்தார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, மன்னிப்புக் கோரிய பிறகே வெளியே வந்தார்.

2019-இல் சண்டை ஐந்து வாரத்துக்குத்தான். ஐரோப்பிய யூனியனிலிருந்து பிரிட்டன் விலகுவதற்கு அக்டோபர் 31 கெடு. பிரதம மந்திரி போரிஸ் ஜான்சனின் யோசனைப்படி செப்டம்பர் 10 முதல் அக்டோபர் 14 வரை சபை மூடப்பட்டது. பேச வேண்டிய சமயத்தில் பேச்சை நிறுத்தலாமா என்று வழக்குத் தொடுத்தார்கள். செப்டம்பர் 24-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் பதினொரு நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள். தக்க காரணமின்றிப் பார்லிமெண்டின் கடமையைத் தடுத்ததால் அந்த உத்தரவு செல்லாது. சபை மூடப்படவே இல்லை! மறுநாளே அங்கத்தினர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஷாப்ட்ஸ்பரியைச் சிறைக்கு அனுப்பிய கேள்வி வேறு, இந்தக் கேள்வி வேறு. ஆனால் இந்த முறை கேட்டவர்கள் யாரும் சிறைக்குப் போகவில்லை. முன்னூற்று நாற்பது வருஷத்தில் அந்தத் தேசம் சம்பாதித்துக்கொண்டது அதுதான்.

ஜனங்களைக் கேட்பதில் பிறந்த சொல், அவர்களுடைய பிரதிநிதிகளைக் கேட்காமலிருக்க உதவும் சொல்லாக மாறியதை நினைத்தால் எனக்குச் சற்று அச்சமாகவே இருக்கிறது. பலருக்கும் விளங்காத சொல்லுக்குள் அதிகாரம் சௌகரியமாக ஒளிந்துகொள்கிறது. ஆகவே, இப்போதெல்லாம் புரியாத சொல்லைக் கண்டால் அகராதியை எடுப்பதை நான் தள்ளிப்போடுவதில்லை.