இளமைச் சிம்பொனியின் இரண்டு வயது: ரிம்ஸ்கி-கோர்சகோவின் முதல் சிம்பொனி

கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் அடியிலுள்ள பெட்ரோனாஸ் இசையரங்கில் 1998இல் தன் முதல் கச்சேரியை நடத்தியது மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழு. அதன் முதல் இசை இயக்குநர் கீஸ் பாகல்ஸின் தலைமையில், ரஷ்ய இசையமைப்பாளர் நிக்கலாய் ரிம்ஸ்கி-கோர்சகோவின் சிம்பொனிகளைச் சுவீடனின் பி.ஐ.எஸ். நிறுவனத்துக்காக அக்குழு பதிவுசெய்தது. அவற்றுள் முதலாவதைப் பதினேழு வயதுக் கடற்படை மாணவனின் படைப்பு என்று சொல்வது வழக்கம். 'முதல் ரஷ்யச் சிம்பொனி' என்ற பட்டமும் அதற்கு உண்டு. அன்டோன் ரூபின்ஸ்டைன் அதற்கு முன்பே சிம்பொனி எழுதியிருப்பதால் அப்பட்டம் பொருந்தாது. வயது பற்றிய கூற்றும் பாதியே உண்மை என்பது இக்கட்டுரையின் வாதம்.

1861இல் இசையமைப்பாளர் மிலி பலாக்கிரெவைச் சந்தித்த மாணவன், அவர் தூண்டுதலால் இதை எழுதத் தொடங்கினான். 1862இல் 'அல்மாஸ்' கப்பலில் புறப்பட்டபோது படைப்பு முடிந்திருக்கவில்லை. மெதுநடைப் பகுதி இங்கிலாந்தின் கிரேவ்ஸெண்டில் எழுதப்பட்டது. 1865 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பலாக்கிரெவ் அதை நடத்தினார். கைதட்டலை ஏற்க மேடைக்கு வந்தவர் கடற்படைச் சீருடையில் இருந்த இளைஞர்.

அன்று ஒலித்தது ஈ ஃபிளாட் மைனரில் அமைந்த சிம்பொனி. 1884இல், நாற்பது வயதில், ரிம்ஸ்கி-கோர்சகோவ் அதைத் திருத்தி ஈ மைனருக்கு மாற்றினார். இன்று பெரிதும் வாசிக்கப்படுவதும் கோலாலம்பூர்ப் பதிவில் உள்ளதும் ஈ மைனர் வடிவமே.

கர்நாடக இசைக் கணக்கில் இது இரண்டரைக் கட்டையிலிருந்து மூன்று கட்டைக்குப் போவது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் கர்நாடக வயலின் பயிலும் மாணவர் பாடகரின் சுருதிக்கேற்பத் தந்திகளைக் கூட்டிக்கொள்வார். அரைக் கட்டை ஏறினாலும் விரல்களுக்கு வேலை மாறாது. மேற்கத்திய இசைக்குழுவில் வயலின் தந்திகள் ஜி, டி, ஏ, ஈ என்றே நிலைத்திருக்கும். நடபைரவிக்கு நிகரான இயல்பு மைனர் வரிசையை ஈ ஃபிளாட்டில் வாசித்தால், இந்நான்கு திறந்த தந்திகளில் ஒன்றும் அதில் சேராது. ஈ மைனரில் நான்கும் சேரும். ஆகவே 1884இன் மாற்றம் சுருதியோடு நிற்கவில்லை. வாசிப்பு எளிதாகிறது, தந்திகளின் நாதம் திறக்கிறது, மூல வடிவத்தின் மங்கிய நிறம் விலகுகிறது.

படைப்பாளியே திருத்தியதால் பிந்தைய வடிவமே இறுதியானது என்று மறுக்கலாம். எதை மேடையேற்றுவது என்ற கேள்விக்கு அந்த மறுப்பு பொருந்தும். இளமையில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்ற கேள்விக்குப் பொருந்தாது. பலாக்கிரெவ் இலக்கணம் கற்பிக்கவில்லை. எழுதியதைப் பியானோவில் வாசித்துப் பார்த்து, இடத்துக்கிடம் குறை சொல்லித் திருத்தவைத்தார். 1871இல் இசைக் கல்லூரிப் பேராசிரியரான பிறகே ஒத்திசைவையும் எதிரிசையையும் தாமாக முறைப்படி கற்றதை ரிம்ஸ்கி-கோர்சகோவ் தம் நினைவுக் குறிப்புகளில் ஒப்புக்கொள்கிறார். அந்தக் கல்விக்குப் பின் வந்த திருத்தத்தை அதற்கு முந்தைய மாணவனின் கணக்கில் எழுதுவது காலக் குழப்பம்.

மூல வடிவமும் கலப்பற்றதன்று. பலாக்கிரெவின் கை அதில் உண்டு. எனவே ஒரு வடிவத்தைத் 'தூயது' என உயர்த்தத் தேவையில்லை. செவிவழித் திருத்தம், ஏட்டுவழி இலக்கணம் என்ற இரண்டு பயிற்சி முறைகளின் தடங்களை இரு வடிவங்களும் காட்டுகின்றன. கச்சேரிக் குறிப்பேடுகள் 1865, 1884 என இரண்டு ஆண்டுகளையும் அச்சிட்டால், இளமையின் துணிச்சல் எது, பேராசிரியரின் செப்பம் எது என்று கேட்பவரே பிரித்தறியத் தொடங்கலாம்.