கூலி என்னும் சொல்



உழைப்பைப் பற்றிய ஆங்கிலச் சொற்களுள் 'கூலி' என்பதும் ஒன்று. நம் வீட்டுச் சொல்போல் ஒலிக்கும் இது, ஆங்கிலத்தில் எப்பொருளைப் பெற்றது என்பதை இன்று ஆராய்வோம்.

தமிழில் கூலி என்பதன் முதற்பொருள் ஊதியம். திருவள்ளுவரும் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் முயற்சியின் பயனைக் குறிக்க இச்சொல்லை ஆண்டுள்ளார். உழைப்பவரைக் குறிக்கக் கூலிக்காரர், கூலியாள் என்னும் சொற்கள் உள. ஆட்களையே 'கூலிகள்' என்னும் வழக்கு இன்று நம்மிடமும் உண்டெனினும், ஊதியம் வேறு, மனிதர் வேறு என்னும் தெளிவு மொழியின் அடிப்படையிலேயே அமைந்துள்ளது.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பைக் குறித்து இரு கொள்கைகள் உள. குஜராத்தில் வாழும் கோலி என்னும் குலத்தாரின் பெயரே அதன் மூலம் என்பர் சிலர். நம் தமிழ்க் கூலியே என்பர் வேறு சிலர். 1886இல் யூல், பர்னெல் இருவரும் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இரண்டையும் ஆராய்கிறது. மூலம் எதுவாயினும், ஆங்கிலத்தில் அச்சொல் ஊதியத்தைக் குறிக்கவில்லை, ஆளையே குறித்தது.

இம்மாற்றத்தின் விளைவை வரலாறு காட்டும். பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத் தொழிலாளரை நாடினர். 1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற துரூரோ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. நம் வளவனூருக்கு அண்மையிலுள்ள புதுவையிலிருந்து 1853இலேயே ஒரேலி என்னும் கப்பல் பிரெஞ்சு மார்த்தினீக் தீவுக்கு இந்தியரைக் கொண்டு சென்றது. ஒப்பந்தம் முடியுமுன் வேலையை விட்டு நீங்குவோர் சிறைத் தண்டனைக்கும் உள்ளாயினர். அடிமை என்னும் பெயர் போயிற்று. கூலி என்னும் பெயர் வந்தது.

நேட்டாலில் அப்பெயர் இந்தியர் அனைவர்மீதும் ஒட்டியது. வணிகர் 'கூலி வணிகர்' ஆயினர்; 1893இல் அங்குச் சென்ற காந்தியடிகள் 'கூலி பாரிஸ்டர்' ஆனார். மறு ஆண்டு, பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளர், முதலாளி அடித்ததால் பல் உடைந்து, குருதி வழிய அவரிடம் வந்தார். வெள்ளையர்முன் தலைப்பாகையைக் கழற்றுவதே அங்கு வழக்கம். ஆதலால் அதனைக் கையில் ஏந்தி நின்றார். அடிகளோ அதனைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். முதலில் மீட்கப்பட்டது மானம். பிறகே வழக்கு நடந்தது.

ஒப்பந்தத்திற்கு ஆள் திரட்டுவது 1917இல் நிறுத்தப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் இன்றும் அச்சொல் வசைமொழியே. மொரீசியசின் போர்ட் லூயி நகரில் 'கூலித் துறை' எனப்பட்ட இடம் 'ஆப்ரவாசி காட்' எனப் பெயர் மாறி, 2006இல் உலக மரபுச் சின்னமாயிற்று. நம் நாட்டிலும் புகைவண்டி நிலையச் சுமைதூக்குவோரைச் 'சகாயக்' என அழைப்பதென 2016இல் அறிவிக்கப்பட்டது.

சொல்லின்மேல் குற்றமில்லை. கூலி என்பது உழைத்தவருக்கு நாம் தரவேண்டிய கடன். அதனைப் பெற வருபவருக்குத் தனியே ஒரு பெயர் உண்டு. அப்பெயரைக் கேட்டறிந்து அழையுங்கள்.