சீட்டில் விழுந்த தீர்ப்பு

ஜார்ஜ் எலியட்டின் ‘ஸைலஸ் மார்னர்’ 1861-ல் வெளிவந்தது. ஒரு காலத்தில் நம் கல்லூரிகளில் பாடமாக இருந்த நாவல். கஞ்சன் ஒருவன் குழந்தையால் திருந்திய கதை என்று பரீட்சைக்குப் படித்தவர்கள் சொல்வார்கள். தவறில்லை, ஆனால் போதாது. மனிதனை ஆக்குவதும் அழிப்பதும் அவன் நம்பும் தெய்வமா, அத்தெய்வத்தை அவனோடு சேர்ந்து வணங்கும் நாலு பேரா என்ற கேள்விதான் அதன் உயிர் என்று நான் கருதுகிறேன்.

ஸைலஸ் ஒரு நெசவாளி. வட இங்கிலாந்தின் தொழில் நகரம் ஒன்றில், லாண்டர்ன் யார்டு என்ற சந்திலிருந்த சின்னக் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவன். அரசாங்கத்தின் ஆங்கிலிக்கன் சபையில் சேராதவர்கள் அவர்கள். கதை நடக்கும் நெப்போலியன் யுத்த காலத்தில் இத்தகையவர்களுக்குச் சட்டத்தில் சம இடம் இல்லை. அரசாங்கப் பதவிகளுக்கு இருந்த தடை 1828-ல்தான் நீங்கிற்று. குவேக்கர்கள் நீங்கலாக மற்றவர்கள், தங்கள் சொந்தக் கோயிலில் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள 1837 வரை காத்திருந்தார்கள். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் மதச் சோதனைகள் பெரும்பாலும் ஒழிந்தது 1871-ல். வெளியே மதிப்பில்லாத ஏழைத் தொழிலாளிக்கு அந்தச் சபைதான் மதிப்பு, உறவு, ஊர் எல்லாம்.

ஆகவே சபை தண்டித்தால் அவனுக்கு மிஞ்சுவது எதுவுமில்லை. சாகக்கிடந்த டீக்கனின் அறையிலிருந்த சபைப் பணம் திருட்டுப் போகிறது. கோர்ட்டுக்குப் போவது அவர்கள் வழக்கமல்ல. பிரார்த்தனை செய்து திருவுளச்சீட்டுப் போடுகிறார்கள். சீட்டு ஸைலஸைக் குற்றவாளி என்கிறது. சூது செய்தவன் உயிர் நண்பன் வில்லியம். ஸைலஸுக்கு நிச்சயமான பெண்ணையும் அவனே மணக்கிறான். மனிதரை மட்டுமல்ல, பொய்ச்சாட்சி சொன்ன தெய்வத்தையும் விட்டு ஸைலஸ் வெளியேறுகிறான்.

அவன் போய்ச் சேரும் ராவலோ செழிப்பான விவசாயக் கிராமம். அங்கே மதம் என்பது அறுவடையும் பண்டிகையும் போல ஒரு பழக்கம். பதினைந்து வருஷம் அவன் அங்கே அந்நியனாகவே தறியடித்துத் தங்கக் காசு சேர்க்கிறான். அதுவும் களவு போகிறது. அப்போது டாலி என்ற எளிய பெண் பணியாரம் சுட்டுக்கொண்டு வருகிறாள். அதன்மேல் சர்ச்சில் கண்ட எழுத்துக்களைக் குத்தியிருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. சர்ச்சில் இருப்பதால் நல்ல எழுத்தாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்புகிறாள். வேதம் கற்ற சபை அவனைத் தள்ளியது; எழுத்தறியாதவள் சேர்த்துக்கொள்கிறாள்.

அந்தஸ்து செய்யும் வேலையும் கதையில் உண்டு. பண்ணையாரின் மூத்த மகன் காட்பிரே, அபினுக்கு அடிமையான ஓர் ஏழைப் பெண்ணை ரகசியமாக மணந்தவன். அவள் பனியில் விழுந்து சாகிறாள். குழந்தை ஸைலஸின் குடிசைக்குள் நுழைகிறது. காட்பிரே வாய் திறக்கவில்லை. திறந்தால் நான்ஸியை மணக்க முடியாது. பதினாறு வருஷத்துக்குப் பிறகு, பிள்ளையில்லாத வீட்டுக்கு மகளைக் கேட்டு வருகிறான். பெரிய இடத்து வாழ்வு தருகிறோம் என்றால் நெசவாளி நன்றியோடு விட்டுக்கொடுப்பான் என்பது அவன் எண்ணம். கெட்டவன் அல்ல, ஏழைக்கும் பாசம் தன்னுடையதைப் போலவே ஆழமாக இருக்கும் என்று அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எப்பி மறுத்துவிடுகிறாள்.

ஒதுக்கப்படுவது என்னவென்று ஆசிரியை அறிவாள். மேரி ஆன் இவான்ஸ் என்பது அவள் சொந்தப் பெயர்; தகப்பனார் ஒரு பண்ணையின் காரியஸ்தர். 1842-ல் சர்ச்சுக்கு வரமாட்டேன் என்றாள். வீடே பிளந்தது, கடைசியில் தகப்பனாருக்காகப் போய் உட்கார இசைந்தாள். 1854-ல், மனைவியை விவாகரத்துச் செய்ய முடியாத லூயிஸுடன் வாழத் தொடங்கினாள். 1857-ல் அதை அறிந்த அண்ணன் ஐஸக் உறவை முறித்தார். 1880-ல் அவள் வேறொருவரைச் சட்டப்படி மணந்த பிறகே கடிதம் எழுதினார். அந்த மௌனத்தின் நடுவில் எழுதிய நாவல் இது. இருந்தும் சபையை அவள் பழிக்கவில்லை. அங்கேயிருந்த அன்பையும் எழுதியிருக்கிறாள்.

கடைசியில் ஸைலஸ் எப்பியை அழைத்துக்கொண்டு லாண்டர்ன் யார்டைத் தேடிப் போகிறான். உண்மை வெளிப்பட்டதா என்று கேட்க ஆசை. சந்தும் இல்லை, சபையும் இல்லை. அந்த இடத்தில் ஒரு தொழிற்சாலை நிற்கிறது. சாப்பாட்டு வேளைக்கு வேலையாட்கள் வெளியே வந்துகொண்டிருக்கிறார்கள். தீர்ப்பை மாற்றிச் சொல்ல ஒருவரும் மிச்சமில்லை. ஸைலஸ் ராவலோவுக்குத் திரும்புகிறான். எப்பியின் கல்யாணத்தை நடத்தியாக வேண்டும்.