வைரம் துளைத்த வண்டு: டேராடூன் பூச்சியியல் அருங்காட்சியகம் குறித்து

டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் பூச்சியியல் அருங்காட்சியகம் குழந்தைகளுக்கென அமைக்கப்பட்டதன்று. காட்டு மரத்தைப் பூச்சியிடமிருந்து காக்க வேண்டிய அலுவலர்களுக்குப் பூச்சியை அடையாளம் காட்டுவதே அதன் முதல் நோக்கம். இன்றோ, விடுமுறை நாளில் மதிய உணவைக் கட்டிக்கொண்டு குழந்தைகளோடு வரும் குடும்பங்களும் அதன் பேழைகளின் முன் நிற்கின்றன. அந்தப் பேழைகள் யாருக்காக எழுதப்பட்டன, யார் அவற்றை இப்போது வாசிக்கிறார்கள் என்னும் இரு வினாக்களுக்கு இடையிலுள்ள தொலைவு வரலாற்று மாணவர்கள் எண்ணிப் பார்க்கத் தக்கது.

1853இல் பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையே பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியபின் இருப்புப்பாதைகள் விரைந்து நீண்டன. தண்டவாளத்தின் அடியில் இடப்படும் கட்டைகளுக்குத் தேக்கு, தேவதாரு, சால் ஆகிய உறுதியான மரங்கள் தேவைப்பட்டன. 1864இல் வனத்துறை நிறுவப்பட்டு, டீட்ரிச் பிராண்டிஸ் அதன் முதல் தலைமை அதிகாரியானார். 1878இல் டேராடூனில் வனப் பள்ளியும் 1906இல் ஆராய்ச்சி நிறுவனமும் தோன்றின. இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொள்ளும் பெருங்கட்டடம் 1929இல் வைசிராய் இர்வினால் திறந்துவைக்கப்பட்டது. காடு கணக்கேட்டில் ஏறிய பிறகே, அந்தக் கணக்கைக் குறைக்கும் பூச்சியும் ஆராய்ச்சிப் பொருளாயிற்று.

அவ்வாறு கவனம் பெற்றவற்றுள் முதன்மையானது சால் மரத்தைத் துளைக்கும் நீள்கொம்பு வண்டு. அறிவியலில் ஹோப்ளோசெராம்பிக்ஸ் ஸ்பினிகார்னிஸ் எனப்படுவது. பருவமழை தொடங்கியதும் வெளிவரும் வண்டு மரப்பட்டையில் முட்டையிடும். புழு முதலில் பட்டையின் அடியிலும் வெளிற்றிலும் தின்று, பின்னர் வைரத்துக்குள் குடைந்து செல்லும். மரத்தின் அடியில் குவியும் தூளைக் கொண்டே உள்ளே நிகழ்வதை அறிய முடியும். சாதாரண ஆண்டுகளில் நலிந்த மரங்களையும் வீழ்ந்த மரங்களையுமே அது பெரிதும் நாடும். பெருகிய ஆண்டுகளில் நல்ல மரங்களும் மடியும். 1914இல் வெளியான ஸ்டெப்பிங்கின் வன வண்டுகள் பற்றிய பெருநூலும், 1941இல் வெளியான பீசனின் சூழலியல் நூலும் இத்தகைய பூச்சிகளை ஆராய்ந்தவை. 1920களில் மத்திய மாகாணங்களின் சால் காடுகளிலும், மீண்டும் 1990களின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்தின் மண்டலாப் பகுதியிலும் இவ்வண்டு பெருந்திரளாகப் பெருகியது.

இதற்கெனக் கைக்கொள்ளப்பட்ட முறை எளிமையானது. சில மரங்களை வெட்டித் துண்டாக்கி, பட்டையை நையப் புடைப்பார்கள். கசியும் சாற்றின் மணத்தை நாடித் தொலைவிலிருந்து வண்டுகள் வரும். அதைக் குடித்து மயங்கிக் கிடக்கும். அவற்றைக் கையால் பொறுக்கிக் கொல்ல வேண்டும். பொறுக்கியவர்கள் காட்டையொட்டி வாழ்ந்த சிற்றூர் மக்கள். வண்டின் எண்ணிக்கைப்படி அவர்களுக்குக் கூலி கிடைத்தது. மண்டலா கோண்டு, பைகா மக்களின் நிலம் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். மழைக்காலத்தில் சேற்றில் நின்று அவர்கள் செய்த வேலையின்மேல்தான் 'பூச்சிக் கட்டுப்பாடு' என்னும் சொல் நிற்கிறது.

சென்ற குளிர்காலத்தில் என் தமக்கையின் இரு குழந்தைகளை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். எழுநூறு ஆண்டு வயதுடைய தேவதாருவின் குறுக்குவெட்டை மர அருங்காட்சியகத்தில் பார்த்து வியந்துவிட்டு, பூச்சிக் கூடத்துக்கு வந்தோம். புழு குடைந்த கட்டையைக் கண்ட ஐந்து வயதுச் சிறுவன், "இது கெட்ட பூச்சியா மாமா?" என்றான். எட்டு வயதுச் சிறுமியின் வினா வேறு: "இதெல்லாம் யார் பிடிச்சாங்க?" முனைவர் பட்ட நேர்காணலில் கேட்கத் தக்க வினாக்கள் இவை.

முதல் வினா வகைப்பாட்டைப் பற்றியது. தீங்கு செய்வது, நன்மை செய்வது என்னும் பிரிவு வண்டின் உடலில் எழுதப்பட்டிருக்கவில்லை. வைரத்தின் விலையை அறிந்தவரே அதைத் தீங்கு என்றார். நலிந்த மரத்தை மண்ணாக்கும் உயிர் காட்டுக்குப் பகையென்று சொல்வதற்கில்லை. அதே வேளையில், பெருகிய ஆண்டுகளில் மடிந்த மரங்களை நம்பி வாழ்ந்தவர்களுக்கு அந்த இழப்பு மெய்யானது. 'யாருக்குக் கெட்டது, எப்போது கெட்டது?' என்று திருப்பிக் கேட்டால் குழந்தைக்கும் புரியும். வரலாறும் அங்கே தொடங்கும்.

இரண்டாம் வினா உழைப்பைப் பற்றியது. ஊசியில் குத்திய பூச்சியின் கீழுள்ள சிறு சீட்டு ஊரையும் நாளையும் சேகரித்தவரின் பெயரையும் சொல்லும். அறிவியலுக்கு அச்சீட்டு இன்றியமையாதது. அது இல்லாத மாதிரி பெரும்பயன் தராது. ஆனால் குடியேற்றக் காலச் சேகரிப்புகளில் சேகரித்தவர் என்று குறிக்கப்படுபவர் பெரும்பாலும் அலுவலரே. விளக்கு ஏந்தியவர், பட்டையை உரித்தவர், எந்த மரத்தில் எந்த மாதத்தில் வண்டு இருக்கும் என்று சொன்னவர் ஆகியோருக்கு அச்சீட்டில் இடமில்லை. சீட்டின் அகலம் சிறிது என்பது மட்டும் அதற்குக் காரணமாகாது.

ஆய்வு மாணவர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது. வனத்துறையின் ஆண்டறிக்கைகளிலும் செயல்திட்ட ஏடுகளிலும் செலவுப் பத்திகளை வாசியுங்கள். பெயர் மறைந்த மனிதர்கள் பல நேரம் கூலிக் கணக்காக மட்டுமே எஞ்சியிருப்பார்கள். சிற்றூர்களில் முதியோர் நினைவில் 1990களின் வண்டு வேட்டை இன்னும் இருக்கும். அதைப் பதிவு செய்வதற்குரிய காலம் நீளமானதன்று.

பெற்றோருக்கும் ஒரு சொல். பூச்சிக் கூடத்தில் பெயர்களைக் குழந்தைகளுக்கு ஒப்புவிக்கக் கற்றுத் தர வேண்டியதில்லை. ஒரே ஒரு பேழையின் முன் கால் மணி நேரம் நின்று, இது எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார், எதற்காக என்று மூன்று வினாக்களைக் கேட்கவிட்டால் போதும். இரண்டுக்குச் சீட்டு ஓரளவு விடை சொல்லும். மூன்றாவதற்கு நாம்தான் சொல்ல வேண்டும்.