இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

பழவேற்காடு ஏரிக்கரை மீனவர் குப்பங்களுக்குப் பங்கீடு என்பது புதிய பாடமன்று. எந்த நாளில் எவர் வலையிடுவது என்பதைக்கூடப் ‘பாடு’ என்னும் முறைவைப்பால் பகிர்ந்துகொள்ளும் ஊர்கள் அவை. அங்கே 60 நண்டுகள் கரைக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். இருவர், மூவர், நால்வர், ஐவர், அறுவர் என யார் நின்றாலும் மீதியின்றிப் பங்கிடலாம். ஒரு நண்டு குறைந்து 59 ஆகிவிட்டாலோ வம்புதான்! 59 ஒரு பகா எண்.

60-ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 12. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகு எண்கள் கிடையா. இவ்வாறு, தனக்கு முந்திய எல்லா எண்களையும்விட அதிக வகு எண்களைக் கொண்டதை ‘மிகுபகு எண்’ என்போம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என இவ்வரிசை முடிவின்றி நீளும்.

இவ்வரிசையை ஆழ்ந்து ஆராய்ந்தவர் சீனிவாச இராமானுஜன். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்த அவர், 1914-ல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1915-ல் இவ்வெண்களைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. இந்த ஆய்வுக்காகவே 1916-ல் அவருக்குப் பி.ஏ. பட்டம் கிடைத்தது. கழகத்தின் பண நெருக்கடியால் அப்போது அச்சேறாத பகுதி 1997-ல்தான் வெளிவந்தது.

கட்டுரையில் நூற்றுக்கும் மேற்பட்ட மிகுபகு எண்களைக் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. அதன் கடைசி எண் 67,46,32,83,88,800. அதாவது ஏறத்தாழ ஆறேமுக்கால் லட்சம் கோடி! அதைப் பகா எண்களாகப் பிரித்தால்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

வகு எண்களை எண்ண எளிய வழி உண்டு. ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும். 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080. அத்தனை விதமாக அதைப் பங்கிடலாம்.

கணிப்பொறி இல்லாத காலத்தில் ஆக்கிய அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருப்பதைப் பின்வந்தோர் கண்டனர். அது 2,93,31,86,25,600. வியப்பு என்னவெனில், கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் வருவது இதே எண்தான்! 23 என்னும் காரணி நீங்குவதால் வகு எண்கள் சரிபாதியாகி 5,040 ஆகின்றன.

ஏரிக்கரை ஊர்களிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவர்களில் சிலர், ஒரு விடை பிழைத்தாலே ‘எனக்குக் கணக்கு வராது’ என ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. பட்டியலில் ஓர் எண் தவறியது. ஆனால் இராமானுஜன் நிறுவிய தேற்றங்கள் அசையவில்லை. பிழையைக் கண்டு திருத்துவதும் கணிதத்தின் ஒரு பகுதியே. ஐயமிருந்தால், தாளும் பென்சிலும் எடுத்து அந்தப் பெரிய எண்ணை 23-ஆல் நீங்களே வகுத்துப் பாருங்கள்.