பிறக்கும்போதே வளர்ந்து முடிந்த உட்செவி



குழந்தை பிறந்ததும் அதன் வலச்செவியில் பாங்கு சொல்கிறோம். கையும் காலும் தலையும் இனித்தான் வளர வேண்டும். ஒலியை உணரும் உட்செவியோ, கருவறையில் பாதிக்காலம் கடந்த சில வாரங்களிலேயே ஏறத்தாழப் பெரியவர்களின் அளவை எட்டிவிடுகிறது. திருக்குர்ஆன் 16:78ஆம் வசனத்தில் செவிப்புலன் பார்வைக்கு முன்னதாகக் கூறப்பட்டிருப்பதை இங்கே நினைவுகூரலாம்.

உட்செவியின் அமைப்பை அறிய மனிதனுக்கு நெடுங்காலம் பிடித்தது. அதனுள் காற்று நிறைந்திருப்பதாகவே கிரேக்கர் காலந்தொட்டு மருத்துவர்கள் நம்பினர். 1561இல் இத்தாலியரான பல்லோப்பியோ அதன் சுருளுக்கு, நத்தை எனப் பொருள்படும் ‘காக்ளியா’ என்ற பெயரை இட்டார். அதை நிறைத்திருப்பது நீர்மம் என்பதை 18ஆம் நூற்றாண்டில் கோட்டுனோ காட்டினார். 1851இல் கோர்ட்டி, நுண்ணோக்கியின் துணையால் ஒலியை உணரும் மயிர்ச்செல்களை விவரித்தார். ஒலியலை அச்சுருளில் செல்லும் விதத்தைக் கண்டறிந்த பெக்கேசி 1961இல் நோபல் பரிசு பெற்றார்.

ஒரு செவியில் ஏறக்குறைய 15,000 மயிர்ச்செல்கள் உள்ளன. பேரிரைச்சலாலும் முதுமையாலும் அவை அழிந்தால் மனிதரிடம் மீண்டும் முளைப்பதில்லை. கூரிய ஒலிகளை உணரும் அடிச்சுருளே பெரும்பாலும் முதலில் பழுதடைகிறது. ஆகவே, நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பேச்சொலி கேட்டும் சொல் விளங்காமற் போகிறது. உட்செவி வயதோடு வளர்வதில்லை; தேயவே செய்கிறது.

வளராத இவ்வியல்பே ஒருவகையில் அருளுமாயிற்று. செவிநரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி 1957இல் பாரிஸில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அதன் வழிவந்த காக்ளியர் கருவியின் மின்முனைகளைக் குழந்தையின் உட்செவியில் வைத்தால், உடல் வளர்ந்தது என்பதற்காக அவற்றை மாற்ற வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், தகுதியுள்ள 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இச்சிகிச்சை அளிக்கப்படுகிறது. வயது வரம்புக்குக் காரணமுண்டு: செவி முழுமை பெற்றிருந்தாலும், ஒலியை மொழியாக்கும் மூளையின் ஆற்றல் தொடக்க ஆண்டுகளில் கேட்டுக் கேட்டே முதிர்கிறது.

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியில், தறியோசைக்கு நடுவே வளர்ந்த சிறுவன் ஒருவன் என்னிடம் ஓத வந்தான். கூப்பிட்டால் திரும்பமாட்டான். தறிச்சத்தத்தில் பழகிய பிள்ளை என்றனர் வீட்டார். ஸீனையும் ஷீனையும் பிரித்தறியாமல் அவன் திணறியபோது, கவனக்குறைவு என்று நான் கடிந்துகொண்டேன். அவனுக்குச் செவிக்குறை இருந்தது பின்னரே தெரியவந்தது. அந்தச் சொற்களுக்காக இன்றும் இஸ்திக்ஃபார் செய்கிறேன்.

பெற்றோர்களே! குழந்தை ஓசைக்குத் திடுக்கிடவில்லை என்றாலும், ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை என்றாலும், காலம் தாழ்த்தாமல் அரசு மருத்துவமனையில் செவியைச் சோதியுங்கள். பாங்கு சொன்னதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை; அது அந்தச் செவியை எட்டியதா என்று அறிவதும் அமானிதத்தைப் பேணுவதே ஆகும்.