பெட்டியில் இருக்கும் பிறத்தியார் பணம்

'கேஸ்' என்றால் பிரெஞ்சில் பணப்பெட்டி. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிரான்சின் துறைமுகமான லெ ஆவ்ரில் 1882-இல் காப்பி வியாபாரத்துக்காக ஒரு 'கேஸ் தெ லிக்கிதசியோன்' தொடங்கினார்கள். இன்றைய தீர்வகங்களுக்கு அது முன்னோடி.

ஏற்பாடு எளிது. சில மாதம் கழித்து வரும் சரக்குக்கு இன்றே விலை பேசும் இருவரும் பெட்டியில் முன்பணம் கட்ட வேண்டும். விலை மாறினால், நஷ்டப்படுகிறவர் மேலும் கட்ட வேண்டும். ஒருவர் கைவிரித்தாலும் மற்றவருக்குப் பணம் வந்து சேரும்.

1974 நவம்பரில் சர்க்கரை விலை உச்சிக்குப் போய், மளமளவென்று விழுந்தது. பாரிஸ் சந்தையில் ஒரே நிறுவனம் அளவுக்கு மீறி வாங்கியிருந்தது. நஷ்டத்தைக் கட்ட முடியவில்லை. உரிய நேரத்தில் முன்பணத்தை உயர்த்திக் கேட்காத பாரிஸ் கேஸும் கவிழ்ந்தது.

போதுமான பணம் வாங்குவது ஒரு காவல். வாங்கியதைக் கலக்காமல் வைப்பது இன்னொன்று. அமெரிக்காவின் 1936-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தரகர் வாடிக்கையாளர் பணத்தைத் தனியே வைக்க வேண்டும். முதலீடு செய்தாலும் அரசுக் கடன் பத்திரங்களில்தான். பிற்பாடு விதிகள் தளர்ந்தன. 2011-இல் எம்.எஃப். குளோபல் திவாலானபோது வாடிக்கையாளர் பணத்தில் சுமார் 160 கோடி டாலர் குறைந்தது. முழுதும் திரும்பிவரச் சில ஆண்டுகள் ஆயின.

நான் இருந்த அலுவலகத்தில் ஒப்பந்தக்காரர் கட்டிய டெபாசிட்டுக்குத் தனிப் பதிவேடு உண்டு. ஆபீஸ் செலவுக்கு அதில் ஒரு ரூபாயும் தொட முடியாது. வேலை முடிந்ததும் அவரிடமே திருப்பித் தர வேண்டிய பணம் அது.